"அலட்டாதை" என்றால் என்ன? திருகோணமலைப் பேச்சில் பொருளற்ற பேச்சுக்கு உள்ள சொற்கள்

"சும்மா அலட்டாதை" என்று திருகோணமலையில் ஒருவர் சொன்னால், நீ கதைப்பதில் சாரமில்லை, நிறுத்து என்று பொருள். கரைக்கு வந்த மீனுக்கு விலை பேசும்போது "அலட்டாமல் விலையைச் சொல்லு" என்பார்கள். படிக்காமல் சாக்குச் சொல்லும் பிள்ளையைத் தாய் அடக்குவதும் இதே சொல்லால்தான். நகரத்திலும் நிலாவெளி, குச்சவெளிப் பக்கமும் பெரும்பாலும் "அலட்டாதை" என்று ஐகாரத்தில் முடியும். தெற்கே மூதூரைத் தாண்டிப் போகப்போக மட்டக்களப்புச் சாயல் ஏறி "அலட்டாத" என்று கேட்கும்.

இதே சொல்லைச் சென்னையில் சொன்னால் வேறு அர்த்தம். அங்கே "ரொம்ப அலட்டிக்காதே" என்றால் பந்தா காட்டாதே என்பது பொருள். "அலட்டல் பேர்வழி" என்பவர் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்பவர். அவர் பேசுவதில் பொருள் இருக்கலாம், அடக்கம்தான் இருக்காது. தொலைக்காட்சித் தொடர்கள் வழியாக இந்தப் பொருளும் இப்போது திருகோணமலை இளையவர்களின் வாயில் புழங்குகிறது. ஆகவே ஒரே வீட்டில் பாட்டி சொல்லும் அலட்டலும் பேத்தி சொல்லும் அலட்டலும் ஒன்றல்ல.

இரண்டில் எது "சரியான" பொருள் என்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டுக்கும் அடியில் மூன்றாவது ஒரு பொருள் கிடக்கிறது. "உடம்பை அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்தான்" என்று தமிழ்நாட்டில் இன்றும் எழுதுகிறார்கள். இங்கே பந்தாவும் இல்லை, பேச்சும் இல்லை. உடம்பை வருத்தாமல், அலுப்புப் படாமல் என்பதே கருத்து. அலட்டுதல் என்பதன் அடிப்பொருள் வருத்துதல், ஆட்டிப்படைத்தல் என்று கொண்டால் மற்ற இரண்டும் இயல்பாக வந்து பொருந்தும். கேட்பவனின் காதைப் பேச்சால் வருத்துவது ஈழத்து அலட்டல். தேவையில்லாமல் தன்னைச் சிரமப்படுத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுவது தமிழ்நாட்டு அலட்டல்.

சொல்லின் அமைப்பும் இதற்கு ஒத்துவருகிறது. தமிழில் உருள் என்பது உருட்டு ஆகும், புரள் என்பது புரட்டு ஆகும், மிரள் என்பது மிரட்டு ஆகும். தானே நடப்பதைச் சொல்லும் வினை, பிறர்மேல் செய்யும் வினையாக மாறும்போது இப்படி "ட்டு" வந்து நிற்கும். மிரண்டு, மிரட்டு என்ற சோடியின் பக்கத்தில் "அலண்டு போனேன்" என்று களைத்துப்போனவர் சொல்வதை வைத்துப் பாருங்கள். அலண்டவன் களைத்தவன், அலட்டியவன் களைக்க வைத்தவன். தமிழ்நாட்டில் வீண்பேச்சுக்கு வழங்கும் "அரட்டை" என்ற சொல்லும் அரண்டு, அரட்டு என்ற இதே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் ஒரு தாண்டு தாண்டிவிடுகிறார்கள். அலை, அலம்பு, அலமரு எல்லாம் "அல" என்று தொடங்குவதால் அலட்டலும் கடலலையிலிருந்து வந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். அலமரல் என்றால் சுழற்சி என்று தொல்காப்பிய உரியியல் சொல்வது உண்மை: "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி." ஆட்டம், சுழற்சி, அலைச்சல் என்ற பொருள்கள் அருகருகே நிற்பதும் உண்மை. ஆனால் முதல் இரண்டு எழுத்து ஒத்திருப்பது உறவுக்கு அத்தாட்சி ஆகாது. அப்படிப் பார்த்தால் அலவாங்கும் (கடப்பாரை) அலமாரியும்கூட இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடும். அவை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடும்போது முதலில் அதன் வினை எப்படித் திரிகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒலி ஒற்றுமையைக் கடைசியில்தான் பார்க்கலாம். வரிசையை மாற்றினால் எந்தச் சொல்லுக்கும் எந்தக் கதையும் கட்டலாம்.

அகராதியைத் திறந்தால் உளறல், பிதற்றல், குழறல், அலட்டல் எல்லாவற்றுக்கும் ஒன்றையொன்றே பொருளாகக் கொடுத்திருப்பார்கள். ஆனால் பேசுகிறவர் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பதில்லை. மூன்று சொற்களை முன்னால் போட்டுப் பார்த்தாலே வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

முதல் சொல் "உண்மையை". "உண்மையை உளறிவிட்டான்" என்று சொல்லலாம். "உண்மையைப் பிதற்றிவிட்டான்" என்றோ "உண்மையை அலட்டிவிட்டான்" என்றோ யாரும் சொல்வதில்லை. உளறலில் ஒரு கசிவு இருக்கிறது. சொல்லக்கூடாததைக் கட்டுப்பாடு தவறிச் சொல்வது அது. உளறுவாயனிடம் இரகசியம் சொல்ல அஞ்சுவது அவன் பொருளில்லாமல் பேசுவான் என்பதாலல்ல, பொருளோடு பேசிவிடுவான் என்பதால்.

இரண்டாவது சொல் "வேணுமெண்டு". "வேணுமெண்டு அலட்டுறான்" என்பது இயல்பாக இருக்கிறது. "வேணுமெண்டு பிதற்றுறான்" என்பது காதில் ஒட்டவில்லை. பிதற்றலில் மனம் வசத்தில் இல்லை. காய்ச்சல், சித்தப்பிரமை, தாங்கமுடியாத துக்கம், பக்தி மேலீடு, இவற்றில் ஒன்று அவனைப் பேசவைக்கிறது.

மூன்றாவது சொல் "நாக்கு". "நாக்குக் குழறுது" என்று மட்டுமே வரும். நாக்கு உளறாது, பிதற்றாது. குழறல் உறுப்பின் கோளாறு. எண்ணம் சரியாக இருக்கலாம், வெளியே வரும் ஓசைதான் சிதைகிறது.

குழறலில் ஈழத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். எங்களுக்குக் "குளறுதல்" என்றால் உரத்து அழுதல், கத்துதல். செத்த வீட்டில் குளறி அழுவார்கள், நோவு தாங்காமல் குளறுவார்கள். ஆகவே "ராத்திரி குளறினவர்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் தமிழ்நாட்டு நூல் படித்தவராக இருந்தால் நாக்குத் தடுமாறியதாக எழுதிக்கொள்வார். சொன்னவரோ அலறியதைச் சொல்லியிருப்பார்.

நித்திரையில் வாய்விட்டுப் பேசுவதற்குத் தனிச்சொல் ஒன்று இருக்கிறது: புசத்துதல். சில வீடுகளில் பிசத்துதல் என்பார்கள். "பிள்ளை இரவிலை புசத்துது" என்றால் பயப்பட ஒன்றுமில்லை, கனவு கண்டு முணுமுணுக்கிறது. வயதாகி மறதி முற்றி, சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பவரை "அறளை பேர்ந்து போச்சு" என்பார்கள். இந்த இரண்டையும் பிதற்றல் என்று ஒரே பெட்டிக்குள் போடுவது பெரிய இழப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது யாழ்ப்பாண வழக்குகளுக்கு ஒரு தனிக்குறி போட்டுப் பதிந்தார்கள். திருகோணமலைக்கென்று குறி ஏதுமில்லை. வடக்கோடும் கிழக்கோடும் ஒருசேர ஒட்டி நிற்கும் இந்த ஊரின் பேச்சை அந்த யாழ்ப்பாணக் குறிக்குள் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

புலம்பல் என்ற சொல் வந்த பாதையும் பார்க்கத்தக்கது. "புலம்பே தனிமை" என்பது தொல்காப்பியம். முதலில் அது தனித்திருத்தல். பிறகு தனித்திருப்பவரின் அழுகை. இன்று ஆற்றாமையால் திரும்பத் திரும்பப் பேசுவது. மலையாளத்தில் இதே வினை இன்னும் ஒரு படி போய், பொருளில்லாமல் பேசுதல் என்றே ஆகிவிட்டது. வடமொழிப் பிரலாபம் என்ற சொல்லிலும் அழுகையும் பிதற்றலும் கலந்தே கிடக்கின்றன. அழுகிறவர் பேச்சுக்குச் சுற்றியிருப்பவர்கள் காதுகொடுப்பதை நிறுத்தும்போது அது பொருளற்ற பேச்சு என்று பெயர் பெறுகிறது. சொல்லின் பொருள் மாறியதற்குப் பேசியவர் காரணமல்ல, கேட்டவர் காரணம்.

பிதற்றுக்கு வருவோம். பித்து என்பதிலிருந்து பிதற்று வந்தது என்பது பரவலான விளக்கம். பித்தம் மிகுந்தவன் பித்தன், பித்தன் பேசுவது பிதற்றல் என்று அழகாகத்தான் இருக்கிறது. வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) மூன்றும் மிகினும் குறையினும் நோய் என்பது பழைய வைத்தியத்தின் அடிப்படை; பித்தத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் முடிச்சுப் போடுவதும் வைத்திய வழக்குத்தான். ஆனாலும் சொல்லமைப்பு இடிக்கிறது. பித்து என்பதில் தகரம் இரட்டித்திருக்கிறது, பிதற்றில் ஒற்றையாக நிற்கிறது. "ற்று" என்று முடியும் வினைகள் சுழல், சுழற்று, அகல், அகற்று என்ற அச்சில் வருபவை. அதைவிடக் கண்ணில் படுவது இன்னொன்று. உதறு, சிதறு, பதறு, கதறு, அலறு, இடறு, உளறு, குழறு. இந்த எட்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாமே கட்டுக்குலைந்த அசைவு, அல்லது கட்டுக்குலைந்த ஓசை. பிதிர் என்றால் துளியாகத் தெறித்தல், நொறுங்கிச் சிதறுதல். பிதற்றல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, சிதறிய பேச்சு என்பதே அதன் கரு என்று கொள்வதுதான் எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. பித்தம் அதன்மேல் பிறகு வந்து படிந்த விளக்கம். ஒலியும் நெருக்கம், பொருளும் நெருக்கம் என்பதால் அந்தப் படிவு எளிதில் கழுவிப்போகாது.

திருகோணமலையில் வினைச்சொல்லைவிட அதிகம் கேட்பது "கதை" சேர்ந்த தொகைகள்தான்: விசர்க்கதை, பேய்க்கதை, வெறிக்கதை. ஈழத்தில் கதைத்தல் என்றால் பேசுதல், ஆகவே கதை என்றால் பேச்சு. இது தெரியாதவர் பேய்க்கதை என்றதும் இரவில் சொல்லும் பேய்பிசாசுக் கதை என்று நினைப்பார். எங்களுக்கு அது மூளையில்லாத பேச்சு.

இதில் பேய் என்பது பிசாசைக் குறிக்கவில்லை, புத்தி பேதலித்தவனைக் குறிக்கிறது. மடையனைப் பேயன் என்பதும், ஏமாற்றுவதைப் பேய்க்காட்டுதல் என்பதும் இதே வழிதான். இது பிந்தி வந்த கொச்சை என்று நினைப்பவர்கள் குலசேகர ஆழ்வாரைப் படிக்கலாம். "பேயரே எனக்கு யாவரும், யானும் ஓர் பேயனே எவர்க்கும்" என்கிறார் பெருமாள் திருமொழியில். உலகத்தார் எனக்குப் பைத்தியம், நான் உலகத்தாருக்குப் பைத்தியம் என்பது பொருள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு இங்கே சந்தையில் உயிரோடு இருக்கிறது.

விசர் என்பது மனநோய், அத்தோடு நாய்க்கு வரும் வெறிநோயும்கூட. அரச வைத்தியசாலைச் சுவரொட்டிகளில் "விசர்நாய்க்கடி" என்றுதான் அச்சிட்டிருக்கும். தமிழ்நாட்டில் அதையே வெறிநாய்க்கடி என்பார்கள். எங்களுக்கு வெறி என்றால் குடிபோதை. ஆகவே வெறிக்கதை என்பது கோபத்தில் கொதித்துப் பேசுவதல்ல, குடித்துவிட்டுப் பேசுவது. சிங்களத்தில் "பிஸ்ஸு கதா" என்ற தொடர் விசர்க்கதையோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் திருகோணமலைக் கடைத்தெருவில் யோசிக்காமல் ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்வார்கள். புலுடா, றீல் விடுதல் என்பன இந்தக் கூட்டத்தில் சேராதவை. அவற்றில் பொருள் இருக்கிறது, உண்மை இல்லை.

தெரியாத மொழியையும் மனிதர்கள் பொருளற்ற பேச்சாகவே கேட்டிருக்கிறார்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் காவல் நிற்கும் மிலேச்சரை "உடம்பின் உரைக்கும் உரையா நாவின்" என்று வருணிக்கிறார் புலவர். அவர்களுக்கு ஒரு மொழி இருந்தது. புலவரின் காதுக்கு அது மொழியாகப் படவில்லை, கையசைவு மட்டுமே தெரிந்தது. மிலேச்சர் என்ற வடசொல்லும் தெளிவில்லாமல் பேசுபவர் என்ற கருத்தோடு பிறந்ததே. "காச்சுமூச்செண்டு கத்துறாங்கள்" என்று பிறமொழிக்காரரைப் பற்றி இன்று சொல்வதும் அதே காதுதான்.

இந்தச் சொற்களின் வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகும் இடம் வைத்தியசாலை. காய்ச்சலில் நினைவு தடுமாறிப் பேசுவதையும் எங்கள் ஊரில் அலட்டல் என்றே சொல்வார்கள். அதாவது வேண்டுமென்று வளவளப்பதற்கும், மூளை கலங்கிப் பேசுவதற்கும் ஒரே வினை. கூட வந்தவர் "அலட்டுறார்" என்று சொல்ல, கேட்பவர் வேறு வழக்குப் பேசுபவராகவோ சிங்களத்துக்கு மாற்றிக் கேட்பவராகவோ இருந்தால், "நிறையக் கதைக்கிறார்" என்பதோடு அது நின்றுவிடும். பழைய வைத்தியத்தில் இதற்குச் சன்னி என்று தனிப்பெயர் இருந்தது. சன்னிபாதம் என்பதன் சுருக்கம், முக்குற்றமும் ஒருசேரக் கெட்ட நிலை. சிங்களவரின் பதினெட்டுச் சன்னிச் சடங்கிலும் அதே சொல் வாழ்கிறது. "சன்னி கண்டிட்டுது" என்று முதியவர் ஒருவர் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கக்கூடாது. திடீர் நினைவுக்குழப்பத்தை அவர் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார்.

இப்படித் திடீரென்று வரும் குழப்பம் சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் தொடங்கும். பகலில் தெளிந்து இரவில் கூடும். அறளை அப்படியல்ல, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. ஏற்கனவே அறளை பேர்ந்தவர் ஒரே இரவில் மோசமானால் அது அறளை கூடியதல்ல. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, உடலில் உப்பு குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். "வயசு போனால் அலட்டத்தானே செய்வினம்" என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனையோ நாட்கள் வீணாகின்றன.

சீனி வருத்தக்காரர் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது தாழ்நிலை. நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

குடிக்கிறவர் விடயத்தில் "வெறியிலை அலட்டுறார்" என்ற விளக்கம் கண்ணைக் கட்டிவிடுகிறது. நாள்தோறும் நிறையக் குடித்தவர் குடியை நிறுத்தி 2 முதல் 4 நாட்களுக்குள் கை நடுங்கி, இல்லாததைக் கண்டு கதைக்கத் தொடங்கினால் அது வெறியல்ல. வெறி இல்லாமல் போனதால் வந்தது, உயிருக்கு ஆபத்தானது. விழுந்து தலை அடிபட்டவரின் குழறலையும் சாராய மணத்தை வைத்து வெறி என்று விட்டுவிடக்கூடாது.

பாரிசவாதத்தில் (பக்கவாதத்தில்) இரண்டு விதமாகப் பேச்சுக் கெடும். ஒன்றில் நாக்குப் பிரளாது. கேட்பது விளங்கும், சொல்ல நினைப்பதும் சரி, ஓசை மட்டும் சிதையும். மற்றதில் நாக்கு ஒழுங்காகவே பிரளும். தடையில்லாமல், சரியான இழுவையோடு பேசுவார், ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, நாம் கேட்பதும் அவருக்கு விளங்காது. இந்த இரண்டாவது வகையை 1874இல் கார்ல் வேர்ணிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். மூளையின் இடப்பக்கத்தில் கேட்டதை விளங்கிக்கொள்ளும் பகுதி பழுதாவதால் வருவது. கை கால் இழுக்காமலே இது வரலாம். அதனால்தான் வீட்டுக்காரர் இதை விசர் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். எனவே தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் மருத்துவரின் கை கட்டப்பட்டுவிடும். இலங்கையில் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலவச இலக்கத்தை அழைக்கலாம்.

பொலிஸ் வாக்குமூலத்திலும் இதேமாதிரியான நழுவல் உண்டு. "வெறியிலை உளறினவர்" என்று சாட்சி சொன்னால் அவர் உண்மையைக் கக்கினார் என்ற சாயல் அதில் இருக்கிறது. "வெறியிலை அலட்டினவர்" என்றால் அந்தப் பேச்சைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்கிறார். மொழிபெயர்த்து எழுதும்போது இரண்டும் ஒரே சிங்களத் தொடராகிவிட்டால் சாட்சி சொன்னது தலைகீழாகலாம். வினைச்சொல்லைச் சொன்னபடியே தமிழில் எழுதி, பக்கத்தில் விளக்கம் போடுவதே பாதுகாப்பு. வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்குமுன் அந்த வரியைத் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வைத்தியசாலையிலும் அப்படித்தான். "அலட்டுறார்" என்ற சொல்லை விடவேண்டியதில்லை, ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. "இரவு பத்து மணிமட்டும் ஒழுங்காய்க் கதைச்சவர். சாமம் ரெண்டு மணிக்கு எழும்பினதிலை இருந்து அலட்டுறார். என்னை ஆரெண்டு தெரியேல்லை. நாக்குப் பிரளுது, சொல்லுதான் மாறி மாறி வருது. சொன்னால் விளங்குதில்லை. சீனிக்கு ஊசி போடுறவர், இரவு சாப்பிடேல்லை." அரை நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். முதலில் விரலில் குத்திச் சீனி பார்ப்பதா, நேரே தலை ஸ்கானுக்கு அனுப்புவதா என்று வாட்டில் நிற்பவர் இதைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்.